போகாதவளுக்கு ஒரு வழியனுப்பு விழா

செப்டம்பர் 9, செவ்வாய்

முழங்கால் வலி. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது பாட்டில் குதித்தபோதே ஏதோ முணுமுணுத்தது. இருபத்தேழு வயதில் குதித்தால் முழங்கால் பேசத்தான் செய்யும்.

காலையில் நகோயா ரயில் நிலைய நடைமேடையில் நூடுல்ஸ் கடை வேலை. நின்றபடியே உறிஞ்சிவிட்டு ஓடுகிற கூட்டம். யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அது ஒரு நிம்மதி. வாரக் கடைசியில் ஓசு கடைத்தெருவில் அடித்தள அரங்கில் கிளிப்பச்சைப் பாவாடை கட்டிக்கொண்டு ஆடுகிறவள் இவள்தான் என்று சொன்னால் நம்பவும் மாட்டார்கள்.

நாங்கள் நாலு பேர். ருரிகா சிவப்பு, ஹிசானோ நீலம், இத்தோ ஊதா, நான் கிளிப்பச்சை. நிகழ்ச்சி முடிந்ததும் நாலு மேசை போடுவார்கள். சீட்டு வாங்கியவர் தனக்குப் பிடித்த பெண்ணோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, அவள் அதில் கையெழுத்துப் போடுகிற நேரம் வரை பேசலாம். பிறகு பணியாள் தோளைத் தட்டி நகர்த்திவிடுவான். இந்த ஞாயிறும் ருரிகாவின் வரிசை சுவரைத் தொட்டுத் திரும்பியது. என்னிடம் மூன்று பேர். அவர்களும் போன பிறகு பேனாக்களை நிறவாரியாக அடுக்கினேன். கலைத்தேன். மறுபடி அடுக்கினேன். சிரிப்பை மட்டும் இறக்கக் கூடாது, அது விதி.

அம்மா சொந்த ஊர் ஓகாக்கியிலிருந்து கூப்பிட்டாள். பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் இருந்த பெண் கல்யாணமாகிப் போகிறாளாம். "உட்கார்ந்து செய்யற வேலைடி" என்றாள். யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். யோசிக்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

நல்ல செய்தி ஒன்று வந்தது. வந்த வேகத்தில் குஜிராய் சார் அதைக் கெடுத்தும்விட்டார்.

மார்ச்சில் எங்களுக்குப் பெரிய அரங்கம் கிடைத்திருக்கிறது. நாற்காலி போட்ட, மாடம் வைத்த, உண்மையான அரங்கம். அக்டோபர் 26 நிகழ்ச்சியின் முடிவில் மேடையிலேயே சொல்லப்போகிறோம், அதுவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது. இத்தோ அழுதேவிட்டாள். நானும் கொஞ்சம்.

குஜிராய் சார் எங்கள் மேலாளர். இந்த வசந்தத்தில்தான் வந்தார். அதற்கு முன்னால் இருபது வருடம் பழைய பாணி சோகப் பாட்டுப் பாடுகிற ஒரு கிழவருக்கு மேலாளராக இருந்தவர். அந்தப் பழக்கத்தில், கேட்காமல் கொள்ளாமல், எங்கள் வலைப்பக்கத்தில் எழுதிப் போட்டிருக்கிறார்: "அக்டோபர் 26 நிகழ்ச்சியின் இறுதியில் ஒரு முக்கிய அறிவிப்பு."

உடை மாற்றும் அறையில் ஹிசானோ போனைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அய்யோ, என்னத்தப் போட்டு வச்சிருக்காரு இந்த மனுஷன்."

எங்கள் உலகத்தில் யாரும் வேலையை விடுவதில்லை. 'பட்டம் பெற்று'ப் போகிறோம். என்ன படித்தோம் என்று கேட்டால் பதில் கிடையாது. அந்தப் பட்டமளிப்புக்கு முன்னால் எப்போதும் வருவது இந்த இரண்டு சொற்கள்தான். முக்கிய அறிவிப்பு. இதைப் பார்த்ததும் ரசிகர்கள் பயந்துவிடுவார்கள்: யாரோ போகப்போகிறாள். குஜிராய் சாரிடம் சொன்னால் விழிக்கிறார். அவருடைய கிழவருக்கு முக்கிய அறிவிப்பு என்றால் புது இசைத்தட்டு, இல்லாவிட்டால் வெந்நீர் ஊற்று விடுதியில் ஒரு வாரக் கச்சேரி.

செப்டம்பர் 15, திங்கள்

போகிறவள் நான்தான் என்கிறார்கள் எல்லாரும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

நேற்று அதற்கு மேல் எழுதத் தோன்றவில்லை. இப்போது உட்கார்ந்து, வலையில் ரசிகர்கள் எழுதியதை முழுக்கப் படித்தேன். துப்பறிவாளர்கள் தோற்றார்கள். நான்தான் மூத்தவள். போன வாரம் மேடையில் கண் துடைத்தேனாம் (வியர்வை கண்ணுக்குள் போய் லென்ஸ் நகர்ந்துவிட்டது). பழைய தலை ரிப்பன்களைச் சிறுபிள்ளைகளுக்குக் கொடுத்தேனாம் (வீட்டில் இடம் இல்லை). முழங்காலைப் பிடித்துக்கொண்டேனாம் - அது சரிதான்.

ருரிகா என்று ஒருவன்கூட எழுதவில்லை. அவள் போகக் கூடாது என்று எல்லாருக்கும் ஆசை. நான் போகலாம் போலிருக்கிறது.

குஜிராய் சார் மறுத்து எழுதலாம் என்றார். முதலாளி உபுகாத்தா மேடம் வேண்டாம் என்றுவிட்டார். யாரும் போகவில்லை என்று சொன்னால் அப்புறம் என்னதான் அறிவிப்பு என்று நோண்டுவார்கள், அரங்கத்துச் செய்தி வெளியே வந்துவிடும். ஆகையால் 26 வரைக்கும் ஆமாம் என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது. சிரிக்க வேண்டும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

என் வரிசை படிக்கட்டில் ஏறி, வாசலைத் தாண்டி, தெருவில் வறுத்த கோழி விற்கும் கடை வரை போயிருக்கிறது. கடைக்காரர் வந்து சண்டை போட்டாராம்.

எத்தனை வருடமாக ருரிகாவின் வரிசையிலேயே பார்த்த முகங்கள். ஒருத்தர் என் முன்னால் வந்து நின்றார். சொன்னார்: வேலையை இழந்த வருடம் அவர் யாரோடும் பேசாமல் இருந்தாராம், எங்கள் பாட்டில் நான் பாடுகிற நாலு வரியைத்தான் காதில் போட்டுக்கொண்டு நடப்பாராம். "ஒரு தடவைகூட உங்க வரிசைல நின்னதில்ல. வெட்கமா இருக்கு." பள்ளிச் சீருடையில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, பணியாள் விரல் விரலாகப் பிரித்தான்.

நான் நன்றி, நன்றி என்று மட்டும் சொன்னேன். வேறு என்ன சொல்ல? போகவில்லையே என்று சொல்ல அனுமதி இல்லை.

கன்னம் வலிக்கிறது. குரல் போய்விட்டது. ரொம்ப சந்தோஷமாக இருந்தது. அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்னும் கூட்டம். ரசிகர்கள் ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். 26 அன்று கடைசிப் பாட்டுக்கு அரங்கம் முழுவதும் கிளிப்பச்சை ஒளிக்குச்சி கொடுக்கப்போகிறார்களாம். இதெல்லாம் எனக்குத் தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்க வேண்டும், அது வழக்கம். அவர்களுக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும்.

'வெங்காயத்தாள்' இன்றும் வந்தார். பெயரே அதுதான், வலையில் அவர் வைத்துக்கொண்ட பெயர். வெள்ளைச் சட்டை, பச்சைத் துண்டு. ஐம்பது வயதிருக்கும், நகரப் பேருந்து ஓட்டுகிறார். என்னிடம் வழக்கமாக வரும் மூன்று பேரில் ஒருவர். இந்தக் கூட்டத்தில் நெடுநேரம் நின்று, கடைசியில் என் முன்னால் வந்து, யாரோ பேருந்தில் ஒரு பூசணிக்காயை மறந்து வைத்துவிட்டுப் போன கதையைச் சொன்னார். அவ்வளவுதான்.

எனக்கே தாங்கவில்லை. எல்லாரும் கேட்கிறார்களே, நீங்கள் மட்டும் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா நீங்க ஏதாச்சும் சமாளிக்கணும்" என்றார். "பாவம், எதுக்கு."

அக்டோபர் 3, வெள்ளி

தூக்கம் மட்டும் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

அக்டோபர் 5, ஞாயிறு

ருரிகாவின் வரிசையில் இன்று இடைவெளி விழுந்தது. பத்தொன்பது வயதுக்கு அது புதுசு. அவளும் பேனாக்களை அடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்து ஒரு துளி திருப்தி - ச்சீ, என்ன பிறவி நான்.

உடை மாற்றும்போது சொன்னாள்: "அக்கா, நல்லாத்தான் நடிக்கறீங்க. நாடகத்துக்குப் போயிருக்கலாம்." ஹிசானோ அவளை அதட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து ருரிகாவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தான் போவதாகச் சொன்னால் இவ்வளவு பேர் அழுவார்களா என்று கேட்டாள். இதைவிட அதிகம் அழுவார்கள் என்றேன். "அழறதுக்கு மட்டும் வருவாங்க" என்றாள். பத்தொன்பது வயதுதான், ஆனால் மண்டை இருக்கிறது.

அக்டோபர் 8, புதன்

மேடம் காப்பிக்கடைக்கு வரச் சொன்னார். இனிப்புப் பயறு தடவிய ரொட்டி வாங்கி என் பக்கம் நகர்த்தினார். அவர் வாங்கிக்கொடுத்தாலே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"ஜனங்க ஏற்கனவே முடிவு பண்ணிட்டாங்க, ஃபுமினோ. நாம எதுக்கு இல்லேங்கணும்?"

புரியவே எனக்கு நேரமாயிற்று. 26 அன்று இரண்டையும் சேர்த்து அறிவிக்கலாமாம். மார்ச்சில் பெரிய அரங்கம், அதுவே என் பட்டமளிப்பு. அப்படிச் செய்தால் ஒரு நாற்காலி காலியாக இருக்காது. செய்யாவிட்டால் பாதி நிரம்பினாலே அதிர்ஷ்டம். அரங்கம் காலியாகக் கிடந்தால் மற்ற மூன்று பெண்களின் கதி என்ன என்று யோசி என்றார். திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. அது இன்னும் மோசம். எப்படியும் இன்னும் ஒரு வருடமோ ரெண்டு வருடமோ, அதற்கப்புறம் போகப்போகிறவள்தானே, இப்படியொரு வழியனுப்பு மறுபடி கிடைக்காது என்றார். அதில் பொய் எதுவும் இல்லை.

ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பசித்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

யார் சொன்னார்களோ, அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. படுக்கையை வெயிலில் போட்டு எடுத்து வைத்துவிட்டாளாம். பல் டாக்டரிடமும் பேசிவிட்டாளாம். "கடைசியிலயாச்சும் உனக்குப் புத்தி வந்துதே" என்று அவள் அழுகிறாள். சந்தோஷத்தில் அழுகிறாள். எனக்கு ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. பெற்ற தாயிடமும் சிரித்து வைத்தேன்.

அக்டோபர் 15, புதன்

எனக்கு என்னதான் வேண்டும்?

களைப்பாக இருக்கிறது என்று தினம் எழுதுகிறேன். எழுதியதைப் படித்தால் யாரும், அப்படியானால் போயேன்டி என்றுதான் சொல்வார்கள். ஆனால் களைப்பு வேறே, போகணும்கறது வேறே. கடைசிப் பாட்டில் எனக்கென்று நாலு வரி இருக்கு. அந்த நாலு வரியில முழங்கால் எங்கே இருக்குன்னே தெரியாது. நூடுல்ஸ் கடைல அப்படி ஒரு நிமிஷம் கிடையாது. பல் டாக்டர்கிட்டயும் கிடைக்காது.

போக எனக்கு மனசில்லை. மூணு பேர் வந்தாலும் பரவாயில்லை. இதை யார்கிட்ட சொல்றது? எல்லாரும் அவ்வளவு அழகா அழுதுட்டாங்களே.

அக்டோபர் 19, ஞாயிறு

வரிசை. அழுகை. நன்றி. வரிசை. ஒருத்தர் தன் பெண் குழந்தைக்கு என் பெயரை வைத்திருப்பதாகச் சொன்னார். நான் தலை குனிந்து வணங்கினேன், நிமிரவே பிடிக்கவில்லை.

அக்டோபர் 25, சனி

மேடத்துக்குப் போன் செய்தேன். போகவில்லை என்றேன். பின்னால் ஓடிய தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"சரி. ஆனா அதை மேடைல நீயே சொல்லிடு. குஜிராய் சொன்னா கல்லால அடிப்பாங்க."

அக்டோபர் 26, ஞாயிறு

எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு நடக்காத மாதிரி ஆகிவிடும்.

கடைசிப் பாட்டு தொடங்கியதும் இருட்டில் பட் பட்டென்று ஒடிக்கிற சத்தம். பிறகு பச்சை. சுவர் முதல் சுவர் வரை, தரையிலிருந்து தலைக்கு மேல் வரை, எல்லாம் என் பச்சை. ருரிகாவின் ஆட்கள், ஒலிபெருக்கிப் பையன், சீட்டுக் கொடுக்கிற அம்மாள் - எல்லார் கையிலும். இந்த நிறம் இவ்வளவு அழகு என்று எனக்கே தெரியாது. நாலு வரியையும் பாடினேன். நன்றாகவே பாடினேன்.

பாட்டு முடிந்ததும் குஜிராய் சார் வந்து மார்ச் அரங்கத்தைப் பற்றி வாசித்தார். நாலு பேரும் சேர்ந்து நிற்கும் மேடை என்றார். ஒருவரும் கை தட்டவில்லை. இன்னும் ஏதோ இருக்கிறது என்று காத்திருந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒலிவாங்கியை எடுத்தேன். எழுதி வைத்திருந்ததெல்லாம் மறந்து போயிற்று. "நான் போகலை. மன்னிச்சுக்கோங்க." அவ்வளவுதான் வந்தது. போகாததற்கு மன்னிப்புக் கேட்டவள் இந்தத் தொழிலிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சிலர் சிரித்தார்கள். சிலர் கை தட்டினார்கள். நல்லவேளை என்று யாரோ கத்தினார்கள். பிறகு எல்லாருக்கும் சங்கடமாகிவிட்டது, குச்சிகளை அணைக்கப் பார்த்தார்கள். ஆனால் அவை வழக்கமான மின்கலக் குச்சிகள் இல்லை, இந்த நாளுக்கென்று வாங்கியவை, ஒடித்தால் ஒளிர்கிற ஜாதி. ஒரு தடவை ஒடித்துவிட்டால் தானாக மங்கும் வரை அணையாது. பைக்குள் போட்டார்கள், சட்டைக்குள் செருகினார்கள், கால்சராய்ப் பையில் திணித்தார்கள். துணிக்குள்ளிருந்தும் பச்சை அடித்துக்கொண்டே இருந்தது. அத்தனை பேரும் வயிற்றில் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், வரிசையாகப் படியேறிப் போனார்கள்.

அம்மாவுக்கு நாளைக்குச் சொல்லலாம்.

அக்டோபர் 28, செவ்வாய்

சொன்னேன். "படுக்கையை வெயில்ல போட்டேனே" என்றாள்.

நவம்பர் 2, ஞாயிறு

நாலு பேர் வந்தார்கள். வழக்கத்தைவிட ஒருத்தர் அதிகம். அவரும், தன் கண்ணீரைத் திருப்பிக் கொடு என்று பாதி விளையாட்டாகக் கேட்கத்தான் வந்தார். வலையில் விளையாட்டு இல்லை. அழவைத்துச் சீட்டு விற்றவள் என்று எழுதுகிறார்கள். குஜிராய் சார் தன்னால்தான் என்று ஒரு பக்கத்துக்கு மன்னிப்பு எழுதிப் போட்டார். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

பள்ளிச் சீருடைப் பெண்ணைக் காணோம்.

நவம்பர் 16, ஞாயிறு

மழை. முழங்கால். வெங்காயத்தாள் வந்து வெளிவட்டச் சாலை நெரிசலைப் பற்றிப் பேசினார். நிம்மதியாக இருந்தது.

டிசம்பர் 14, ஞாயிறு

மார்ச் சீட்டுகள் நகரவே இல்லை. மேடம் கோபப்பட்டால்கூடத் தேவலை. என்னிடம் இப்போதெல்லாம் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார். இத்தோ தெருவில் நின்று துண்டுச் சீட்டு கொடுக்கிறாள், குளிரில் மூக்கு சிவந்து. நானும் போய் நிற்கிறேன். என்னைப் பார்த்ததும் சிலர் எதிர்ப் பக்கம் தாண்டிப் போகிறார்கள்.

நான் போவதாகச் சொல்லியிருந்தால் இவர்கள் மூவருக்கும் மார்ச்சில் அரங்கம் நிறைந்திருக்கும். இதை யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஹிசானோவிடம் நானே சொன்னேன். "வாயை மூடுங்க அக்கா" என்றாள், கட்டிக்கொண்டாள்.

ஜனவரி 13, செவ்வாய்

முடிந்தது. அரங்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். குழுவையே கலைக்கிறார்கள். பிப்ரவரி 1 கடைசி நிகழ்ச்சி, அதன் முடிவில் சொல்வோம். ருரிகாவை டோக்கியோவில் ஒரு நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. அவள் சொல்லவில்லை, இத்தோ சொன்னாள். நல்லது. உண்மையாகவே நல்லது.

குஜிராய் சார் இந்தத் தடவை எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, என்ன வார்த்தை போடலாம் என்று கேட்டார். ஹிசானோதான் சொன்னாள்: முக்கிய அறிவிப்பு என்றே போடுங்கள், இந்தத் தடவை சரியான வார்த்தை அதுதான்.

ஜனவரி 18, ஞாயிறு

ஒருத்தரும் பயப்படவில்லை. வலை முழுக்கச் சிரிப்பு. மறுபடியும் அதே ஆட்டமா, இந்தத் தடவை எந்த அரங்கம், இந்தத் தடவை அழமாட்டோம். என் மேசையில் மூன்று பேர். ஒருவர் நமுட்டுச் சிரிப்போடு, "என்ன, இன்னும் பெரிய அரங்கமா?" என்றார்.

நானும் சிரித்தேன். இப்போதும் அதே விதிதான், ஆமாம் என்றும் கூடாது, இல்லை என்றும் கூடாது.

ஜனவரி 25, ஞாயிறு

பாடும்போது இரண்டாவது வரியில் தடுமாறினேன். யாரும் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

குஜிராய் சார் வாசித்தார். முதலில் சிலர் சிரித்தார்கள், விளையாட்டு என்றே நினைத்தார்கள். இத்தோ முகத்தை மூடிக்கொண்டதும் நின்றது. ஒடிக்கிற ஒளிக்குச்சிகளை இந்தத் தடவை யாரும் வாங்கி வரவில்லை. நிறம் மாறும் மின்கலக் குச்சி வைத்திருந்தவர்கள் எந்த நிறத்தை ஏற்றுவதென்று தெரியாமல் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மேலே நின்று பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

பிறகு மேசைகள் போட்டார்கள். நேரம் குறைவு, அரங்கத்தை ஒன்பதுக்குக் காலி செய்ய வேண்டும். எல்லாரும் சீட்டோடு ஓடினார்கள். ருரிகாவின் வரிசை தெருவுக்குப் போயிற்று. ஹிசானோவுக்கும் இத்தோவுக்கும் படிக்கட்டு நிறைய ஆட்கள். மூவருக்கும் சொல்ல அவர்களிடம் எவ்வளவோ இருந்தது, கேட்க நேரம் போதவில்லை. என் பக்கம் பார்த்துச் சிலர் கை கூப்பினார்கள். வேலையை இழந்த வருடத்தைப் பற்றிச் சொன்னாரே, அவர் நீல வரிசையில் நின்றார். என்னைப் பார்த்துத் தலை குனிந்தார். நான் கோபப்படவில்லை. என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அவர்கள் செப்டம்பரிலேயே சொல்லி முடித்துவிட்டார்கள். ஒரே ஆளை எத்தனை தடவை வழியனுப்புவார்கள்?

வழக்கமான இருவர் வந்து போன பிறகு வெங்காயத்தாள் வந்தார். படம் எடுத்தோம். நான் கையெழுத்துப் போடத் தொடங்கினேன். இன்றைக்குப் பேருந்துக் கதை எதுவும் சொல்லவில்லை. துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றார்.

"அக்டோபர்ல போகலைன்னு சொன்னீங்கல்ல" என்றார். "மறுநாள் காலைல டிப்போல வண்டிய எடுக்கவே முடியல. உட்கார்ந்து அழுதேன்."

ஏன் என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

"சந்தோஷம்தான்."

பேனா நின்றுவிட்டது. தேதியை எழுதியாயிற்று, பெயரைப் பாதி எழுதியாயிற்று, மீதி வரவில்லை. எதிர்ப்பக்கம் பணியாட்கள் தோள் தோளாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள், நேரம் முடிந்தது, நேரம் முடிந்தது என்று. என் மேசைப் பணியாள் சுவரில் சாய்ந்து நின்றான். வெங்காயத்தாளுக்குப் பின்னால் யாரும் இல்லை. அதனால் அவரைத் தட்டவில்லை. விளக்கை அணைக்கும் வரை நின்றுகொண்டிருந்தோம்.